அமைதியான பையனைப் பார்த்துப் பயப்படலாமா?

கேள்வி: அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. அதிகம் பேச மாட்டான், இரண்டே நண்பர்கள், எப்போதும் கறுப்புச் சட்டை, ராத்திரியில் துப்பாக்கி சுடும் வீடியோ கேம். பள்ளித் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் அவனைத்தான் திரும்பிப் பார்க்கிறேன். பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கிறது. போன வாரம் சாப்பிடும்போது அவனே ஒன்று சொன்னான். வகுப்பில் ஒரு பையன், “ஒருநாள் இந்த ஸ்கூல் முழுக்க என் பேரைச் சொல்லும், லிஸ்ட் வச்சிருக்கேன்” என்கிறானாம். மாமா வீட்டுத் துப்பாக்கிகளின் படத்தைப் போனில் காட்டினானாம். “அவன் எப்பவும் இப்படித்தான், யார்கிட்டயும் சொல்லாதம்மா” என்கிறான் என் மகன். “விசாவில் இருக்கிறோம், நமக்கு எதுக்கு வம்பு” என்கிறார் கணவர். இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி ஆகிறார்கள்? கேலி செய்யப்படுவதாலா, கேமா, மனநோயா? நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதிகம் எழுதியிருப்பது உங்கள் மகனைப் பற்றி. என் கவனம் போனது மற்றவனிடம். அதனால் காரணங்களைப் பிறகு பேசுவோம். இதைப் படித்து முடித்ததும், இன்றைக்கே, அந்தப் பையன் சொன்னதைப் பள்ளிக்குத் தெரிவியுங்கள்.

முதல்வருக்கும் மாணவர் ஆலோசகரான பள்ளிக் கவுன்சிலருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பி, உடனே தொலைபேசியிலும் சொல்லுங்கள். மின்னஞ்சல் மட்டும் என்றால் திங்கட்கிழமைவரை யாரும் திறக்காமல் கிடக்கலாம். தொலைபேசி மட்டும் என்றால் சொன்னதற்குப் பதிவு இருக்காது. எழுத வேண்டியவை நான்கே: அவன் சொன்ன வார்த்தைகள் அப்படியே, எந்தத் தேதியில் எங்கே சொன்னான், யாரெல்லாம் கேட்டார்கள், துப்பாக்கிப் படம் யார் வீட்டில் எடுத்தது என்றான். “அவன் சைக்கோ மாதிரி”, “பார்த்தாலே பயமாக இருக்கும்” என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் முடிவைச் சேர்த்தால் படிப்பவர் அதோடு வாதாடத் தொடங்கிவிடுவார், அவன் சொன்ன வார்த்தை பின்னால் போய்விடும். மகனின் பெயரை அந்தப் பையனிடமோ அவன் பெற்றோரிடமோ சொல்லக் கூடாது என்று கேட்டு எழுதுங்கள். இதை யார் விசாரிக்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரு பள்ளி நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் பெயரில்லாமல் தகவல் வாங்கும் எண்களும் செயலிகளும் பல மாநிலங்களில் இருக்கின்றன. பள்ளியின் இணையப் பக்கத்திலேயே கிடைக்கும். “வெள்ளிக்கிழமை வராதே” என்பதுபோல நாள் குறித்துச் சொன்னான் என்றாலோ, பையில் துப்பாக்கியை யாராவது பார்த்தார்கள் என்றாலோ, இது எதற்கும் காத்திருக்காமல் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

உங்கள் கணவரின் பயம் புரிகிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு ஒரு தகவல் சொல்வதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. அவரிடம் வேறொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பையனின் பெயரைப் போட வேண்டாம். அவன் வெறும் வாய்ச்சவடால்காரன் என்றால் ஒரு சிறுவனின் பெயரை ஊரே சேர்ந்து நாறடித்திருக்கும். உண்மையிலேயே திட்டம் வைத்திருப்பவன் என்றால், எல்லோரும் தன்னை ஒதுக்குகிறார்கள் என்ற அவன் கணக்கில் இன்னொரு வரவு ஏறும், கூடவே அவன் உஷாராகிவிடுவான். அவன் பெற்றோரை நீங்களே நேரில் போய்க் கேட்பதும் வேண்டாம்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2002-ல் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. (ஜனாதிபதியைக் காப்பவர்களுக்குப் பள்ளியில் என்ன வேலை என்று தோன்றும். கொல்ல நினைப்பவன் அதற்கு முன்னால் என்னவெல்லாம் செய்கிறான் என்று யோசிப்பதுதான் அவர்கள் தொழில்.) 1974 முதல் 2000 வரை நடந்த 37 தாக்குதல்கள், அவற்றைச் செய்த 41 பேர். இந்தச் சம்பவங்களில் 81 சதவீதத்தில், குறைந்தது ஒருவருக்காவது விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே நண்பர்கள், உடன் படிப்பவர்கள், கூடப்பிறந்தவர்கள். பெரியவர்கள் அல்ல. எஃப்.பி.ஐ. 2000-ல் வெளியிட்ட அறிக்கை இதற்கு ‘கசிவு’ என்று பெயர் வைத்தது. மனதில் ஊறுவது கட்டுரையிலும் கிறுக்கலிலும் கேலிப் பேச்சிலும் வெளியே கசிந்துவிடும். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது அந்தக் கசிவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் பிரித்துச் சொல்வது உங்கள் வேலையும் அல்ல, மகனின் வேலையும் அல்ல. 2021-ல் சீக்ரெட் சர்வீஸ் வெளியிட்ட இன்னொரு அறிக்கை, 2006 முதல் 2018 வரை நடக்கவிடாமல் தடுக்கப்பட்ட 67 பள்ளித் தாக்குதல் திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளை வாய் திறந்ததால்தான் அவை தடுக்கப்பட்டன.

இனி உங்கள் மகன். நீங்கள் பட்டியல் போட்ட எதுவும் – பேசாத சுபாவம், குறைந்த நண்பர்கள், கறுப்புச் சட்டை, கேம் – எச்சரிக்கை அடையாளமே அல்ல. 2002 ஆய்வின் 41 பேரில் தனிமையில் ஒதுங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். 41 சதவீதத்தினர் எல்லோரோடும் சகஜமாகப் பழகியவர்கள். நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் ஏறக்குறைய அதே அளவு. பள்ளியில் ஒரு தடவைகூடப் பிரச்சினையில் மாட்டாதவர்கள், அல்லது மிக அபூர்வமாகத்தான் மாட்டியவர்கள் 63 சதவீதம். இவற்றை வைத்து ஒரு முகம் வரைந்து பாருங்கள். பாதி வகுப்புக்கு அது பொருந்தும். பள்ளியில் சுடுபவனுக்கென்று ஓர் அங்க அடையாளம் கிடையாது என்பதில் எஃப்.பி.ஐ.யும் சீக்ரெட் சர்வீஸும் ஒரே குரலில்தான் பேசுகின்றன.

கறுப்பு உடைக்கு ஒரு கதை உண்டு. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். நீளக் கோட்டுப் போட்ட ஒதுக்கப்பட்ட கும்பல், தங்களைக் கேலி செய்த விளையாட்டு வீரர்களைத் தேடிப் பழிவாங்கியது என்ற கதை சில மணி நேரத்தில் தொலைக்காட்சி வழியாகப் பரவியது. இன்றும் பலர் அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அவர்களின் மூலத் திட்டம் துப்பாக்கி அல்ல, மதிய உணவு நேரத்துக் கூடத்தில் வைத்த வெடிகுண்டுகள். அவை வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் கேலி செய்தவன், செய்யாதவன், சொந்த நண்பன் என்று நூற்றுக்கணக்கானவர்கள் செத்திருப்பார்கள். ஆள் பார்த்துப் பழிவாங்க வந்தவன் போடும் திட்டம் அல்ல அது. விசாரணையில் ஈடுபட்ட எஃப்.பி.ஐ. உளவியலாளர், ஒருவன் மனச்சாட்சியே இல்லாத சைக்கோபதி, மற்றவன் சாக விரும்பிய மனச்சோர்வுக்காரன் என்ற முடிவுக்கு வந்தார். ஒரே கட்டடம், ஒரே நாள், இரண்டு வேறு மனங்கள். அந்த இருவரின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. பின்னால் வந்த பலர் அவர்களைப் படித்து, வியந்து, அவர்களைப்போலவே செய்ய முயன்றிருக்கிறார்கள்.

கேம் விஷயத்தில் நீங்கள் மனதைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ளலாம். 2002 ஆய்வில் வன்முறை கேம்களில் ஈடுபாடு காட்டியவர்கள் 12 சதவீதம். அவை பழைய காலத்து எண்கள், இன்று எல்லாப் பையன்களும் விளையாடுகிறார்கள் என்பீர்கள். எல்லோரும் விளையாடுகிறார்கள் என்பதாலேயே அதை வைத்து யாரையும் பிரித்துக் காண முடியாது. அதே கேம்கள் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விற்கின்றன. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்பதைத் தடுத்த கலிபோர்னியா சட்டத்தை 7-க்கு 2 என்ற நீதிபதிகள் கணக்கில் ரத்து செய்தபோது, முன்வைக்கப்பட்ட ஆய்வுகள் கேம்தான் வன்முறைக்குக் காரணம் என்று நிறுவவில்லை என்றது. அந்த 2002 ஆய்வில் 37 சதவீதத்தினரிடம் வன்முறை தென்பட்டது அவர்களே எழுதிய கவிதை, கட்டுரை, டைரியில். ராத்திரி கேமைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் தூக்கம் கெடுகிறதே என்று கவலைப்படுங்கள். தூக்கமில்லாத பதின்வயதுப் பிள்ளைக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். அது தனி விஷயம், கவனிக்க வேண்டிய விஷயம்.

கேலியும் கொடுமையும்தான் காரணமா என்றால், பாதி உண்மை. 2002 ஆய்வில் 71 சதவீதத்தினர் தாங்கள் துன்புறுத்தப்பட்டதாக உணர்ந்தவர்கள். 2008 முதல் 2017 வரை நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்து 2019-ல் வந்த சீக்ரெட் சர்வீஸ் அறிக்கையில் இது 80 சதவீதம். ஆனால் அமெரிக்க மாணவர்களில் ஐந்தில் ஒருவர் பள்ளியில் சீண்டலுக்கு ஆளாவதாகச் சொல்கிறார்கள். அத்தனை லட்சம் பிள்ளைகளில் ஒருவன் மட்டும் ஏன் தாக்குகிறான்? சீண்டப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அழுவார்கள், பள்ளி மாறுவார்கள், ஒரு நண்பனைப் பிடித்துக்கொள்வார்கள். தாக்குபவன் தனக்கு நடந்த ஒவ்வொரு அவமானத்தையும் கணக்கு எழுதி வைக்கிறான். அதில் உண்மையான கொடுமையும் இருக்கும், காதல் நிராகரிப்பும் இருக்கும், தற்செயலாகத் தோளில் இடித்தவனும் இருப்பான். இந்த மனக்குறைக் கணக்குதான் எரிபொருள். கேலி அதில் ஒரு பதிவு. 2002 ஆய்வின் 41 பேரில் அநேகமாக எல்லோரும், 98 சதவீதத்தினர், அதற்கு முன்னால் பெரிய இழப்பு ஒன்றையோ தோல்வியையோ சந்தித்திருந்தார்கள்.

மனநோய் என்ற சொல்லில்தான் குழப்பம் அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். 2002 ஆய்வில் தாக்குதலுக்கு முன்பே மனநல அல்லது நடத்தைக் கோளாறு என்று கண்டறியப்பட்டிருந்தவர்கள் 17 சதவீதம்தான். மனநல மதிப்பீட்டுக்கே போகாதவர்கள் பெரும்பான்மை. அமெரிக்காவில் நடக்கும் மொத்த வன்முறையில் தீவிர மனநோயால் விளைவது ஏறக்குறைய 4 சதவீதம். அப்படியென்றால் மனதில் எதுவும் சரியில்லாமல் இல்லையா? இருக்கிறது. அந்த 41 பேரில் 78 சதவீதத்தினர் தற்கொலையைப் பற்றி எண்ணியவர்கள் அல்லது முயன்றவர்கள். 61 சதவீதத்தினர் கடும் மனச்சோர்வில் இருந்ததற்குப் பதிவு இருக்கிறது. பைத்தியம் பிடித்துச் சுட்டான் என்பது தவறு. வாழ்க்கை முடிந்துவிட்டது என்று முடிவெடுத்தவன், போகும்போது மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போக நினைக்கிறான் என்பது பல சம்பவங்களில் நிஜத்துக்கு அருகே வருகிறது. இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அல்ல. தற்கொலை எண்ணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி இறக்கி வைப்பது என்பது நமக்குத் தெரிந்த வேலை. ஆட்டிசத்தின் மீதும் பழி போடுவார்கள். 2012-ல் 20 சிறு குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிச் சம்பவத்துக்குப் பிறகு கனெக்டிகட் மாநிலம் வெளியிட்ட விரிவான அறிக்கை, ஆட்டிசம் அதற்குக் காரணமல்ல என்று சொன்னது.

இந்தப் பிள்ளைகளை ஆராய்ந்த உளவியலாளர் பீட்டர் லாங்மன் அவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்: இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாதவர்கள், மனச்சிதைவு போன்ற நோயின் பிடியில் இருப்பவர்கள், அடியும் கொடுமையும் நிறைந்த வீட்டில் சிதைந்து வளர்ந்தவர்கள். ஒரு மருந்து மூன்றுக்கும் கேட்காது. நோக்கமும் ஒன்றல்ல. 2002 ஆய்வில் பழிவாங்கல் 61 சதவீதத்தினரிடம், ஏதோ ஒரு பிரச்சினையைத் தீர்க்கும் வழி என்ற நினைப்பு 34 சதவீதத்தினரிடம், தற்கொலை அல்லது கையறு நிலை 27, கவனமும் பெயரும் கிடைக்கும் என்ற ஆசை 24. கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்றால், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நோக்கம். “ஏன் செய்தான்” என்று ஒரே வரியில் பதில் சொல்லும் செய்தியைக் கண்டால் சேனலை மாற்றிவிடலாம்.

“திடீரென்று வெறி பிடித்தது” என்பதும் நடப்பதில்லை. 2002 ஆய்வில் 95 சதவீதத்தினருக்கு எண்ணம் முன்பே உருவாகியிருந்தது. பாதிப் பேருக்கு அது குறைந்தது ஒரு மாதம் முன்னால். மனக்குறை, அதற்குத் தீர்வு வன்முறைதான் என்ற முடிவு, தேடிப் படித்தல், திட்டம், ஆயுதம் சேர்த்தல் என்று அது படிப்படியாக நகர்கிறது. எந்தப் படியிலிருந்தும் ஒருவனை இறக்க முடியும். பார்க்க வேண்டியது அவன் குணத்தையும் உடையையும் அல்ல, இந்தப் படிகளில் அவன் கால் பதிகிறதா என்பதை. முன்பு சுட்டவர்களைப் பற்றி வியப்போடு பேசுகிறானா? பெயர்ப் பட்டியல் இருக்கிறதா? ஆயுதம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறானா? “இன்னும் கொஞ்ச நாள்தான்” என்ற மாதிரிப் பேச்சு வருகிறதா? உங்கள் மகனிடம் இதில் ஒன்றும் நீங்கள் எழுதவில்லை. அந்தப் பையனிடம் பட்டியல், புகழாசை, துப்பாக்கி மூன்றும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன.

நேரடியாக மிரட்டினால்தான் ஆபத்து என்று பள்ளிகளே நினைப்பதுண்டு. அந்த 41 பேரில் 83 சதவீதத்தினர், குறி வைக்கப்பட்டவரிடம் நேரடியாக மிரட்டல் விடவே இல்லை. மறுபக்கம், கோபத்தில் “கொன்னுடுவேன்” என்று கத்தும் பிள்ளைகளில் அநேகமாக யாரும் கொல்வதில்லை. இதைப் பிரிப்பதற்குத்தான் அச்சுறுத்தல் மதிப்பீடு என்ற முறை. விர்ஜினியா பல்கலைக்கழகத்தின் டூயி கார்னல் உருவாக்கிய வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. 2013-ல் விர்ஜினியா மாநிலம் தன் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இத்தகைய குழுவைக் கட்டாயமாக்கியது. நிர்வாகி, கவுன்சிலர், உளவியலாளர், காவல் அதிகாரி சேர்ந்த குழு அந்தப் பையனிடமும் கேட்டவர்களிடமும் பேசும். விளக்கியதும், மன்னிப்புக் கேட்டதும் முடிந்துபோகிற கோபப் பேச்சு என்றால் அங்கேயே தீர்ந்துவிடும். குறிப்பிட்ட ஆள், இடம், வழி, ஆயுதம், கூட்டு சேர்க்கும் முயற்சி என்று ஏதாவது தென்பட்டால் அது தங்கிவிட்ட அச்சுறுத்தல். அப்போது குறி வைக்கப்பட்டவர்களை எச்சரிப்பார்கள், மனநல மதிப்பீடு நடக்கும், கண்காணிப்புத் திட்டம் எழுதப்படும். ஆகவே நீங்கள் சொல்வதால் ஒரு பையன் வாழ்க்கை பாழாகிவிடும் என்று மகன் பயந்தால், நடப்பது இதுதான் என்று சொல்லுங்கள். பள்ளி தவறு செய்வதும் உண்டு: விசாரிக்காமல் வெளியேற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. வெளியேற்றப்பட்டவன் பகல் முழுக்க யார் கண்ணிலும் படாமல், புதிய மனக்குறையோடு வீட்டில் இருக்கிறான். 2018-ல் ஃப்ளோரிடா மாநிலத்தின் பார்க்லண்டில் ஒரு பள்ளியில் 17 பேரைக் கொன்றவன், ஓராண்டு முன்பு அதே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட முன்னாள் மாணவன்.

மாமா வீட்டுத் துப்பாக்கியைப் பள்ளியிடம் அழுத்திச் சொல்லுங்கள். 2002 ஆய்வில் 68 சதவீதத்தினரும், 2019 அறிக்கையில் துப்பாக்கி பயன்படுத்தியவர்களில் 76 சதவீதத்தினரும் அதைச் சொந்த வீட்டிலோ உறவினர் வீட்டிலோதான் எடுத்தார்கள். மனதை ஆராய்ந்து மாற்ற மாதக்கணக்கில் ஆகும். துப்பாக்கியைப் பூட்ட ஒரு மதியம் போதும். தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டகம், தோட்டாக்கள் வேறிடத்தில் தனிப் பூட்டில், சாவியோ எண்ணோ பிள்ளைக்குத் தெரியாமல். “எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது” என்று நம்பும் பெற்றோர் நிறைய. பிள்ளைகளைத் தனியாகக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில், ஆபத்தானவரின் கையிலிருந்து ஆயுதத்தை நீதிமன்ற உத்தரவோடு தற்காலிகமாக எடுக்கச் சட்டம் இருக்கிறது. நீங்களும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: மகன் நண்பன் வீட்டில் ராத்திரி தங்கப் போகிறான் என்றால், நாய் இருக்கிறதா என்று கேட்கிற அதே தொனியில், துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.

மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று நடந்தது இந்தக் கேள்வி கேட்கப்படாததால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிறது. 15 வயதுப் பையன். காலையில் துப்பாக்கியும் ரத்தமும் உதவி கேட்கும் வார்த்தைகளுமாக அவன் கிறுக்கியதை ஆசிரியர் பார்த்தார். பெற்றோரை அழைத்தார்கள். நான்கு நாள் முன்பு அப்பா வாங்கிக் கொடுத்த துப்பாக்கியைப் பற்றிப் பெற்றோர் சொல்லவில்லை; அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகவும் இல்லை. பள்ளி பையைச் சோதிக்காமல் வகுப்புக்கு அனுப்பியது. சில மணி நேரத்தில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024-ல் அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோரே ஆட்கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பள்ளி வயதுப் பிள்ளைகளின் கொலைச் சாவுகளில் பள்ளி வளாகத்தில் நடப்பவை 3 சதவீதத்துக்கும் குறைவு.

உங்கள் மகனோடு பேசும்போது எதிரே உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். காரில் போகும்போது, பாத்திரம் துடைக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் பேசுவது அந்த வயதுக்கு எளிது. அவன் நண்பர்கள் இரண்டே பேர் என்பது குறையல்ல. இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்களா என்பதுதான் கேள்வி. பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டான், தூங்குவதில்லை, தன்னைப் பற்றி நம்பிக்கையற்றுப் பேசுகிறான் என்றால் நேராகவே கேளுங்கள்: “சாகணும்னு எப்பவாவது தோணியிருக்கா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணில் இரவும் பகலும் ஆள் இருப்பார்கள், அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். மருத்துவரிடம் அந்த வாரமே போங்கள்.

கடைசியாக அந்தச் “சொல்லாதம்மா”. சொல்லாமல் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அது தெரிந்த நாளில் அவன் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். அடுத்த கசிவு சாப்பாட்டு மேசைக்கு வராது. அனுப்புவதற்கு முன்பே சொல்லுங்கள்: “நீ என்கிட்ட சொன்னது சரி. இதை நான் ஸ்கூலுக்குச் சொல்லப்போறேன். உன் பேர் வெளியே வராம இருக்க என்னாலானதைச் செய்வேன். அவனை மாட்டிவிடறதுக்கு இல்லை, அவனும் சேர்ந்து பிழைக்கணும்னுதான்.” அவனுக்குக் கோபம் வரும். இரண்டு மூன்று நாள் அறைக் கதவு சாத்தியே இருக்கலாம். சாப்பாட்டுக்கு மட்டும் வழக்கம்போலக் கூப்பிடுங்கள்.